மாமியாரை விடாத இடம்

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கும் அக்கா (52 வயது), போன மாதம் கொல்லையில் பாத்திரம் விளக்கும் இடத்தில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், 5,000 ரூபாயும் கொடுத்தோம். ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். இப்போது அவர் மகன் முழுச் செலவையும் கேட்கிறான். நாங்கள் கவனமில்லாதவர்கள் இல்லை. பாசி வழுக்கும் என்று மாமியாரைக்கூட அந்தப் பக்கம் விடுவதில்லை. சட்டப்படி நாங்கள் தர வேண்டுமா? இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு ஏதாவது கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர்.
- வாசகி, தாம்பரம்

பதில்: மாமியாரை அந்தப் பக்கம் விடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மறுபடி ஒருமுறை படியுங்கள். வழுக்கும் என்று தெரிந்திருக்கிறது, விழுந்தால் எலும்பு முறியும் என்ற பயமும் இருந்திருக்கிறது, அதனால் உங்கள் வீட்டுப் பெரியவரை நிறுத்திவிட்டு, அதே இடத்துக்கு தினமும் காலையில் இன்னொரு பெண்ணை வெறுங்காலோடு, சோப்புத் தண்ணீரில், இரண்டு கையிலும் பாத்திரத்தோடு அனுப்பியிருக்கிறீர்கள். பிளீச்சிங் பவுடரைத் தூவி ஊறவிட்டு தென்னந்துடைப்பத்தால் தேய்த்தால் போகிற பாசி அது. ஒரு காலை நேர வேலை. அதைக்கூட ஏன் செய்யவில்லை?

இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாரும் கேட்பது சட்டத்தைத்தான். சரி, சொல்கிறேன். வேலைக்கு வரச் சொன்ன இடத்தில் ஆபத்து இருப்பது தெரிந்தும் வீட்டுக்காரர் சரி செய்யாமல் விட்டு, அதனால் ஒருவர் காயப்பட்டால், அவர் நஷ்டஈடு கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். பாசி இருப்பது அவருக்கும் தெரியும்தானே என்று உங்கள் வக்கீல் வாதாடலாம், தொகை கொஞ்சம் குறையலாம். ஆனால் எங்களுக்குத் தெரியாது என்று மட்டும் நீங்கள் சொல்ல முடியாது. வக்கீல் வைக்க அவரிடம் ஏது பணம் என்றும் நினைக்காதீர்கள்; பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் போதும்.

கணவர் சொல்கிற அந்தப் பேப்பர் யோசனையை இன்றோடு விடுங்கள். வலியிலும் கடனிலும் இருக்கிறவரிடம் வாங்கும் கையெழுத்தை, 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தை வைத்தே நாளைக்கு ரத்து செய்யக் கேட்கலாம். அதைவிட, ஒன்பது வருடம் உங்கள் வீட்டு எச்சில் தட்டைக் கழுவிய கையிடம் போய் அப்படி ஒரு கையெழுத்தைக் கேட்க உங்களுக்கு மனசு வரக் கூடாது. நம் வீட்டுக்குள் நின்று நமக்காக உழைக்கிறவர் நம் பொறுப்பு. மாமியாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறீர்களோ, அதில் பாதியாவது இவருக்கும் உண்டு என்பதுதான் என் கட்சி.

ஆஸ்பத்திரி பில்லை முழுசாகக் கட்டுங்கள். அவர் நடக்கிற வரை மாதச் சம்பளம் போக வேண்டும். வேறு வீடுகளிலும் வேலை பார்க்கிறாரா என்று நீங்கள் எழுதவே இல்லை. பார்த்தால் அந்தச் சம்பளமும் உங்கள் வீட்டில் விழுந்ததால்தான் நின்றது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இனி பிளேட்டை எடுக்கவோ வேறு சிகிச்சைக்கோ போக வேண்டி வந்தால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று மகனிடம் கேளுங்கள், வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வாங்கலாம். அப்புறம், வீட்டுப் பணியாளர் நலவாரியம் 2007-லிருந்து இருக்கிறது. பதிந்தவர்களுக்கு விபத்து உதவித்தொகை உண்டு. இத்தனை வருடத்தில் ஒரு நாள் அவரைக் கூட்டிப்போய்ப் பதிய வைக்க உங்களுக்குத் தோன்றவில்லை. இந்த விபத்துக்கு இனி உதவாது, இருந்தாலும் பதிந்து வையுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேருமே அவர் வீட்டுக்குப் போங்கள். பணத்தை மகனிடம் கொடுத்து அனுப்பாமல் அவர் கையிலேயே கொடுங்கள். எப்போது வேலைக்கு வருவீர்கள் என்று மட்டும் அன்றைக்குக் கேட்டுவிடாதீர்கள்.