மேற்கிந்தியரையும் செரோக்கியரையும் எதை வைத்து ஒப்பிடுவது?

வணக்கம். மேற்கிந்தியத் தீவு மக்களையும் அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் வருமானக் கணக்கு எதுவும் பொருந்தி வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். வருமானத்தை விடுங்கள், நிலத்தைப் பிடியுங்கள்.

1838-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆகஸ்டில் ஜமைக்கா, பார்படோஸ் அடிமைகளுக்கு முழு விடுதலை கிடைத்தது. ஆனால் பிரிட்டன் ஒதுக்கிய 2 கோடி பவுண்டு இழப்பீடு முதலாளிகளுக்கே போனது. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. ஜமைக்காவில் பலர் மலைப்பக்கம் போய்ச் சிறு துண்டு நிலத்தில் பயிர் வைத்தார்கள். பார்படோஸில் எங்கும் கரும்புத் தோட்டம்தான். பழைய முதலாளியிடமே கூலிக்கு நிற்க வேண்டியதாயிற்று. இந்த வேறுபாட்டைக் கட்டாயம் எழுதுங்கள்.

அதே ஆண்டில்தான் அமெரிக்க அரசு செரோக்கியரை ஜார்ஜியா மாநில நிலத்தைவிட்டு மேற்கே துரத்தியது. சொந்த எழுத்து, 1827-இல் அரசியலமைப்பு, 1828-இல் செய்தித்தாள் என்று எல்லாம் வைத்திருந்தவர்கள்! முகாம்களிலும் வழியிலும் சுமார் 4,000 பேர் இறந்தார்கள்.

அப்புறம், வசதியான செரோக்கியர் தாங்களே கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள்; அவர்களையும் அந்தப் பயணத்தில் இழுத்துப் போனார்கள். அமெரிக்க அரசுடன் செய்த 1866 உடன்படிக்கை, விடுதலையான அந்த அடிமைகளுக்குச் செரோக்கிக் குடியுரிமை தந்தது. அது நிலைக்க அவர்களின் சந்ததியினர் 2017 வரை வழக்காட வேண்டியிருந்தது. ‘இருவரும் ஒடுக்கப்பட்டவர்கள்’ என்று ஒரே வரியில் முடிக்காமல், இதற்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள்.