இதயப்புழு உள்ள நாய்: 'ஒரு மாதத்தில் குணமாக்கித் தருகிறேன்' என்பவரை நம்பலாமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் தரை வீட்டில் இருக்கிறோம். ஒரு காப்பகத்தில் 5 வயதுப் பெண் நாயைப் பார்த்து வைத்திருக்கிறோம். 15 கிலோ எடை. இதயப்புழுவும் உண்ணிக் காய்ச்சலும் இருக்கிறதாம். நடுவில் நின்று பேசுபவர், தம் வங்கிக் கணக்கில் 1,800 ரிங்கிட் போட்டால் ஒரே மாதத்தில் முழுக்கக் குணமாக்கி வீட்டிலேயே கொண்டு வந்து விடுவதாகச் சொல்கிறார். மகளுக்கு 7 வயது. "குழந்தை இருக்கிற வீட்டுக்கு நோய் நாயா?" என்று மாமியார் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: நாயைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தை மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.

முதலில் மாமியாரின் பயத்தைப் போக்கிவிடுவோம். இந்த இரண்டு நோயும் நாயைத் தொடுவதாலோ, அது நக்குவதாலோ, ஒரே அறையில் படுப்பதாலோ குழந்தைக்கு வராது. இதயப்புழுவைக் கொசு பரப்புகிறது, உண்ணிக் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது. ஆகவே நாய் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அதன் உடம்பில் உண்ணி இருக்கக்கூடாது. உண்ணிக்கான மாத்திரையைக் காப்பகத்திலேயே டாக்டர் கொடுத்து, ஓரிரு நாள் கழித்துக் காதின் உள்மடிப்பையும் விரலிடுக்கையும் பார்த்த பிறகு அழைத்து வாருங்கள். ஒரு பெண் உண்ணி கார் நிறுத்தும் இடத்துச் சுவர் வெடிப்பிலோ லோங்காங் (சாக்கடை) ஓரத்திலோ ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டால் அப்புறம் மாதக்கணக்கில் போராட வேண்டும்.

இனி அந்த ஒரு மாதக் கணக்குக்கு வருவோம்.

வளர்ந்த பெண் இதயப்புழு ஒரு சாண் நீளத்துக்கும் மேல், சேமியா போல இருக்கும். இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாயில் வாழும். அதை அவசரப்பட்டுக் கொன்றால் செத்த புழு துண்டு துண்டாகி நுரையீரலில் அடைத்துக்கொள்ளும். அதனால் முறையான சிகிச்சை மெதுவாகத்தான் போகும். முதல் 28 நாள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, கூடவே மாதாமாதம் தடுப்பு மருந்து. பிறகு ஒரு மாதம் இடைவெளி. 60ஆம் நாள் முதுகுத் தசையில் ஆழமாக, வளர்ந்த புழுவைக் கொல்லும் முதல் மெலார்சோமின் ஊசி, 90ஆம் நாளும் 91ஆம் நாளும் அடுத்த இரண்டு. அதன் பின் 6 முதல் 8 வாரம் ஓய்வு. கடைசி ஊசிக்கு 9 மாதம் கழித்துத்தான் இரத்தப் பரிசோதனை செய்து 'புழு இல்லை' என்று சொல்ல முடியும். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது.

பிறகு எப்படி ஒரு மாதம் என்கிறார்? வழக்கமாக நடப்பது இதுதான். உண்ணிக் காய்ச்சலுக்கும் அதே டாக்ஸிசைக்ளின்தான் மருந்து. கொடுத்த இரண்டு மூன்று நாளில் சோர்ந்து கிடந்த நாய் எழுந்து வாலாட்டும், தட்டைக் காலி செய்யும். அதைக் காணொளி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி 'குணமாகிவிட்டது' என்பார்கள். புழு அங்கேயே இருக்கும். நீங்கள் மகிழ்ச்சியாகப் பூங்காவுக்கு ஓட அழைத்துப் போவீர்கள். அதைவிட ஆபத்தான காரியம் அந்த நாய்க்கு வேறில்லை.

இன்னும் மோசமான வழியும் உண்டு: மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து ஊசி. மலிவு, ஒரு குப்பியில் பல நாய்களை முடித்துவிடலாம். கணக்கைப் பாருங்கள். நாய்க்கான தடுப்பு அளவு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். 15 கிலோவுக்கு 90 மைக்ரோகிராம். மாட்டு மருந்தில் ஒரு மில்லியில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. அதாவது ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். எந்தச் சிரிஞ்சில் அதை அளப்பது? கையளவில் போட்டால் இரத்தத்தில் மிதக்கும் குட்டிப் புழுக்கள் ஒரேயடியாகச் செத்து நாய் அதிர்ச்சியில் சுருண்டு விழக்கூடும்.

பணத்தைக் கிளினிக்கில் நேரடியாகக் கட்டுங்கள். ரசீதில் நாயின் பெயர், எடை, தேதி, மைக்ரோசிப்பின் 15 இலக்க எண் இருக்க வேண்டும். கிளினிக்கின் தொலைபேசி எண்ணை அந்த இடைத்தரகரிடம் வாங்காமல் நீங்களே தேடி எடுத்து, டாக்டரிடம் நீங்களே பேசுங்கள். ஒரே பில்லின் படத்தை ஓரம் வெட்டி நாலு குடும்பத்திடம் காட்டுவது பழைய தந்திரம். 'தங்கும் செலவு' என்று நாள் கணக்கில் ஏற்றுவது அடுத்தது. எந்தத் தேதியில் சேர்த்தார்கள் என்று கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள். நன்கொடை என்றால் பதிவு பெற்ற சங்கத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும். தனியார் கணக்கு எண் கொடுத்தால் மோசடிக் கணக்குகளைக் காட்டும் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997ஐ அழையுங்கள். அம்பாங்கில் உள்ள சிலாங்கூர் எஸ்பிசிஏ (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) போன்ற இடங்களுக்கு யார் துணையும் இல்லாமல் நீங்களே நேரில் போய்ப் பேசலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

ஒரு நாயை வீட்டுக்கு அழைத்து வர ஒரு குடும்பம் இவ்வளவு துப்பறிய வேண்டியிருப்பது வெட்கக்கேடு. 2015இல் விலங்கு நலச் சட்டம் போட்டோம். ஆனால் ஃபேஸ்புக்கில் பக்கம் திறந்து 'நாய் மீட்பாளர்' என்று எழுதிக்கொள்கிறவரிடம் யார் கணக்குக் கேட்கிறார்கள்? காப்பகங்கள் நிரம்பி வழியும்வரை இந்த இடைத்தரகர்களுக்குப் பஞ்சமே இருக்காது.

பரிசோதனை அட்டை பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இதைச் சற்று நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வைத்தும் காசு பறிக்கிறார்கள். கிளினிக்கில் சில துளி இரத்தம் விட்டுப் பார்க்கும் அட்டையில் இதயப்புழுக் கோடும் உண்ணிக் காய்ச்சல் கோடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் பொருள் வேறு. இதயப்புழுக் கோடு, பெண் புழு வெளிவிடும் பொருளையே பிடிக்கிறது. கோடு தெரிந்தால் புழு இருக்கிறது. உண்ணிக் காய்ச்சல் கோடோ, நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைப் பிடிக்கிறது. நோய் போன பிறகும் அந்தப் பொருள் மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில், இரத்தத்தில் தங்கும். எனவே சிகிச்சை முடிந்தும் அந்தக் கோடு தெரிகிறதென்றால் பதறாதீர்கள். 'இன்னும் போகவில்லை, மறுபடி ஒரு கோர்ஸ்' என்று யாராவது சொன்னால் முழு இரத்த எண்ணிக்கை எடுக்கச் சொல்லுங்கள். தட்டணுக்கள் 2 லட்சத்துக்கு மேல் வந்து அங்கேயே நின்று, நாயும் நன்றாகச் சாப்பிட்டால் அந்தக் கோட்டைப் பொருட்படுத்த வேண்டாம். பபேசியா என்ற இன்னொரு உண்ணி நோயை இந்த அட்டை காட்டவே காட்டாது. ஈறு வெளிறி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அதற்குத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.

மாத்திரையை எண்ணி வாங்குங்கள். இதயப்புழுவுக்கு கிலோவுக்கு 10 மி.கி. வீதம் தினம் இரண்டு வேளை. 15 கிலோ நாய்க்கு காலை 150, மாலை 150. 100 மி.கி. மாத்திரையாக 28 நாளைக்கு 84 வரும். வயிறு தாங்காவிட்டால் டாக்டர் அளவைக் குறைப்பார், நீங்களாகக் குறைக்காதீர்கள். யாராவது 14 மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் அது இந்தச் சிகிச்சையே இல்லை. மாத்திரையைத் தயிர்ச்சோற்றில் வைத்துக் கொடுக்க வேண்டாம், பாலும் வேண்டாம். சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும். வெங்காயம் சேராத கோழிக்கறியும் சோறும் போதும். விழுங்கியதும் தண்ணீர் குடிக்க வையுங்கள், மாத்திரை தொண்டைக் குழாயில் ஒட்டினால் புண்ணாகும். காய்ச்சல் என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் நாளிலிருந்து கடைசி ஊசிக்குப் பின் 8 வாரம் வரை ஓட்டமில்லை, மாடிப்படி இல்லை, பந்து விளையாட்டு இல்லை. சிறுநீர் கழிக்கக்கூடக் கயிற்றில் பிடித்துத்தான் வாசலுக்கு. இதை மகளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். ஊசிக்குப் பிறகான முதல் மாதத்தில் இருமல், இரத்தம், வேகமான மூச்சு எது தெரிந்தாலும் இரவானாலும் கிளினிக்குக்குக் கொண்டு போக வேண்டும். இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்று இப்போதே எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டி வையுங்கள். டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) தரும் நாய் உரிமத்தையும் எடுத்துவிடுங்கள், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

சிகிச்சையைத் தொடங்கும் முன் நாட்காட்டியை எடுத்து 60, 90, 91ஆம் நாள்கள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். தீபாவளியோ சீனப் புத்தாண்டோ அதை ஒட்டி வந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வெடிச் சத்தத்தில் மிரண்டு சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும் நாய்க்கு, ஊசி போட்ட இரண்டாம் வாரத்தில் அந்த ஓட்டமே உயிரை வாங்கிவிடும். ஊசித் தேதியை அவர் சில வாரம் தள்ளி வைக்கலாம், அல்லது அன்றிரவுக்கு அமைதி மருந்து தருவார். ஊசி தள்ளிப் போனாலும் மாதாமாதத் தடுப்பு மருந்து மட்டும் ஒரு நாளும் தள்ளிப் போகக்கூடாது.