மீன்பிடிச் சாமான் கடை வைக்க ஐகாஸ்ட் கண்காட்சிக்குப் போக வேண்டுமா?

சேலத்தில் தூண்டில் கடை வைக்கப் போகிறேன், புதுச் சரக்குக்கு ஐகாஸ்ட் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முன்பென்றால் ஆமாம் என்பேன். அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் ஜூலையில் நடக்கும் அந்த மீன்பிடிச் சாமான் கண்காட்சி, வியாபாரிகளுக்கு மட்டுமானது. புது ரீலை (தூண்டில் நூல் சுற்றும் உருளை) அங்கேதான் முதலில் பார்ப்பார்கள், அங்கேயே ஆர்டர் எழுதுவார்கள். இப்போது அறிமுகமான அன்றே ஏற்காட்டில் உட்கார்ந்து யூடியூபில் பார்த்துவிடலாம். 2020இல் கொரோனாவால் ஐகாஸ்டே இணையத்தில்தான் நடந்தது.

யோகோஹாமாவில் நடக்கும் ஜப்பான் மீன்பிடிச் சாமான் கண்காட்சி பொதுமக்களையும் உள்ளே விடுகிறது. அதுதான் சரியென்று எனக்குப் படுகிறது. தூண்டில் கோலின் வளைவு கையில் பிடித்தால்தானே தெரியும்!

சரி, உங்களுக்கு: மேட்டூர் அணைப் பக்கம் நாலு ஞாயிறு போய் நில்லுங்கள். கட்லா மீனுக்கு யார் என்ன போடுகிறார்கள் என்று பார்த்து, அப்புறம் சரக்கு எடுங்கள்.