அறுபதுக்குப் பின் வட்டெழுத்து

கேள்வி: சிதறால் மலையில், தமிழை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்துமுறையான வட்டெழுத்தில் அமைந்த கல்வெட்டைக் கண்டதிலிருந்து, அதைப் படிக்கப் பழக வேண்டும் என்ற ஆவல் விடவில்லை. வயது 61, ரப்பர்த் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டு வீட்டிலிருக்கிறேன். "இனி எதற்கு?" என்கிறான் மகன். இந்த வயதில் மனத்தில் பதியுமா?
– வாசகர், குழித்துறை

பதில்: பதியும். புதிய உருவங்களை நினைவில் இருத்தும் வேகம் வயதோடு குறைவது உண்மையே. ஆனால் சொல்லறிவு அறுபதுகளிலும் பெரும்பாலும் குன்றாமல் நிற்பதால், பாதி சிதைந்த ஒரு சொல்லை முன்பின் பார்த்து ஊகிப்பதில் இளைஞரைவிடத் தங்களுக்கே வசதி அதிகம். கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் தெரியாது. பிற்கால வட்டெழுத்தில் பகரமும் வகரமும் கண்ணை ஏமாற்றும். அங்கே கைகொடுப்பது தமிழறிவுதான்.

எல்லா எழுத்துகளையும் ஒரே மூச்சில் உருப்போட வேண்டாம். நாளுக்கு நான்கைந்து எழுத்துகள் போதும். அவற்றை மறுநாளும், சில நாள் கழித்தும், வாரம் கழித்தும் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்து எழுதுவதே நிலைக்கும். சிதறால் கல்வெட்டிலிருந்தே தொடங்கலாம். ஆய் குல மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்பது முன்பே தெரிவதால், பெயரையும் ஆண்டையும் தேடிப் பிடிப்பது எளிது.

மகனாரின் கேள்விக்கு விடை சொல்லும் கடமை தங்களுக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆர்வம் மிகுந்தால் பார்த்திவசேகரபுரச் செப்பேட்டுக்கு வாருங்கள். 9ஆம் நூற்றாண்டில் 95 பேர் தங்கிப் பயின்ற சாலை என்னும் கல்விக்கூடத்தையும், அங்கே சண்டையிட்டோருக்கு விதித்த தண்டத்தையும் அதில் படிக்கலாம்.