ஈயன் துரையின் பெயர்

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த என் பாட்டி, அங்கே முன்பு மேனேஜராக இருந்த ஸ்காட்லாந்துக்காரரை ‘ஈயன் துரை’ என்றே சொல்லுவார். வெளிநாட்டில் வாழும் என் மகள் தன் பிள்ளைக்கு இப்போது அதே பெயரைச் சூட்ட விரும்புகிறாள். அதன் பொருள் என்ன? ‘ஈதல்’ என்னும் நம் சொல்லோடு அதற்கு உறவு உண்டா? கிரிக்கெட் செய்திகளில் வருவதுபோல ‘இயான்’ என்று எழுதுவதுதான் சரியா?

– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: ‘ஈதல்’ என்பதோடு உறவில்லை, ஒலி மட்டுமே ஒத்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மொழியான கேலிக்கில் யோவான் என்ற பெயர் பெற்ற வடிவம் இது. ‘கடவுள் அருள்செய்தார்’ என்று பொருள்படும் யோகனான் என்ற எபிரேயப் பெயர், கிரேக்கம், லத்தீன் வழியாக ஐரோப்பா முழுவதும் பரவியபோது, ஆங்கிலேயரிடம் ஜான் என்றும், ரஷ்யரிடம் இவான் என்றும், ஸ்பானியரிடம் ஹுவான் என்றும் உருமாறியது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, கன்னேரிமுக்கில் 1819இல் பங்களா கட்டிய ஜான் சலிவனுக்கும் பாட்டி சொன்ன துரைக்கும் பெயர் ஒன்றுதான்.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் இதைக் கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அவர்கள் ஒலியை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டார்கள். மணிமுடி என்று பொருள்படும் ஸ்தேவானை முடியப்பர் என்றும், சிறியவர் என்று பொருள்படும் பவுலைச் சின்னப்பர் என்றும் வழங்கியவர்கள், யோவானை அருளப்பர் ஆக்கினார்கள். ஓரியூரில் 1693இல் உயிர்நீத்த ஜான் டி பிரிட்டோ பாதிரியார் அருளானந்தர் ஆனதிலும் அதே ‘அருள்’ இருக்கிறது. ஆகவே, உறவினர் யாரேனும் “இது என்ன பெயர்?” என்று கேட்டால், அருளப்பன் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

பெயர் ராசி பார்ப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமன்று. ஸ்காட்லாந்தில் 1292இல் அரியணை ஏறிய ஜான் பேலியல், நான்கே ஆண்டுகளில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டிடம் அதை இழந்தார். அதனால் மன்னர்களுக்கு ஆகாத பெயராக அது கருதப்பட்டது. ஜான் என்றே வளர்ந்த இளவரசர் ஒருவர், 1390இல் முடிசூடியபோது அதைக் கைவிட்டு மூன்றாம் ராபர்ட் ஆனார். குடிமக்களோ அதைக் கைவிடவே இல்லை.

ஸ்காட்லாந்துக்கு வெளியே இப்பெயர் பெருகியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1960களில் இங்கிலாந்திலேயே ஆண்குழந்தைகளுக்கு அதிகம் இடப்பட்ட முதல் பத்துப் பெயர்களுள் அதுவும் ஒன்று. இங்கிலாந்தின் போத்தம், ஆஸ்திரேலியாவின் சேப்பல், மேற்கிந்தியத் தீவுகளின் பிஷப் என்று மூன்று நாட்டு ஆட்டக்காரர்களுக்கும் இதே பெயர் இருப்பதிலிருந்து அதன் வீச்சு விளங்கும். இன்று பிரிட்டனில் பிறக்கும் பிள்ளைகளுக்கு இதை இடுவோர் குறைவு. அமெரிக்காவில் இன்னும் நன்றாகவே வழங்குகிறது. பெண்பாலில் இதற்கு இணையான கேலிக் பெயரே நமக்குத் தெரிந்த ஷீனா.

இனி, எழுத்து. ஸ்காட்லாந்துக்காரர்கள் முதல் உயிரை அழுத்தி நீட்டி, அடுத்ததைக் குறுக்கிச் சொல்லுகிறார்கள். ‘இயான்’ என்பது ஆங்கில எழுத்தைக் கண்ணால் பார்த்து எழுதியது. பாட்டியோ அந்தப் பெயரைக் காதால் கேட்டவர். அவர் சொன்ன ‘ஈயன்’தான் சரி.