சுவிஸ், ஜெர்மன் ரயில்பாதைகளை மாதிரியாக வைத்து வீட்டில் மாடல் ரயில் அமைக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி கேட்டவரிடம் 10-க்கு 12 அடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. சுவிஸ் ரயிலும் பிடிக்கும், ஜெர்மன் ரயிலும் பிடிக்கும், முதலில் எந்த இன்ஜினை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

இன்ஜினைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதலில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், அதோடு ஒரு வருடத்தையும். ‘சுவிட்சர்லாந்து’ என்று மட்டும் சொன்னால் கடையில் இருக்கிற எல்லாமே வேண்டும் போலத் தோன்றும். ‘காட்ஹார்ட் பாதை, வாஸன் கிராமம், 1985 கோடைக்காலம்’ என்று சொல்லிப் பாருங்கள். எந்த இன்ஜின், என்ன நிறம், எத்தனை பெட்டி, மலையில் என்ன மரம் என்கிற கேள்விகளில் பாதிக்கு அப்போதே பதில் கிடைத்துவிடும். நான் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹௌசனில் 11 வருடமாக இருக்கிறேன். எங்கள் குடியிருப்பின் நிலவறையில் எனக்கென்று இருக்கும் சின்ன அறையில்தான் என் லேஅவுட் (மாடல் ரயில் அமைப்பு) இருக்கிறது. முதல் இரண்டு வருடம் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினேன். அவற்றில் பாதியை இன்று என் பாதையில் ஓட்ட முடியாது.

இந்த இரண்டு நாட்டு மலைப்பாதைகளும் மாடல் கட்டுகிறவர்களுக்கு இவ்வளவு ஒத்துவருவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பாதைகளைப் போட்ட என்ஜினியர்களுக்கு இருந்ததும் நம்முடைய பிரச்சினைதான். ஏற வேண்டிய உயரம் அதிகம், கிடைத்த இடம் குறைவு. ஜெர்மனியின் கருங்காட்டுப் பாதையை (ஷ்வார்ஸ்வால்ட்பான் என்பார்கள்) எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ன்பெர்க்குக்கும் சாங்க்ட் கியோர்கனுக்கும் நடுவே பறவை பறந்தால் 11 கி.மீ.தான். ஆனால் அதற்குள் 448 மீட்டர் உயரம் ஏற வேண்டும். நேராகப் போட்டால் ரயில் ஏறாது. ராபர்ட் கெர்விக் என்ன செய்தார் தெரியுமா? பாதையைப் பள்ளத்தாக்குகளுக்குள் அனுப்பி, திருப்பி, மறுபடி திருப்பி, அந்த 11 கி.மீ.யை 26 கி.மீ. ஆக்கினார். எந்த இடத்திலும் ஏற்றம் ஆயிரத்துக்கு 20-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டார். 1873-இல் அந்தப் பாதை திறந்தது. அதே கெர்விக்தான் சுவிட்சர்லாந்தின் காட்ஹார்ட் ரயில்வேக்கும் சில வருடம் தலைமை என்ஜினியராக இருந்தார். 1882-இல் திறந்த அந்தப் பாதையிலும் இதே வித்தைதான், இன்னும் இறுக்கமாக. வாஸன் கிராமத்தைச் சுற்றி ரயில் வளைந்து வளைந்து ஏறும்போது அந்த ஊரின் வெள்ளைத் தேவாலயம் மூன்று முறை கண்ணில் படும். முதலில் தலைக்கு மேலே, அப்புறம் ஏறக்குறைய கண்மட்டத்தில், கடைசியில் காலடியில். என் மகளுக்கு ஆறு வயதிருக்கும்போது அந்தப் பாதையில் கூட்டிப்போனேன். மூன்றாவது முறை பார்த்ததும், ‘அப்பா, இங்கே எத்தனை சர்ச் இருக்கு?’ என்று கேட்டாள். அன்று இரவுதான் வாஸனைக் கட்டுவது என்று முடிவு செய்தேன்.

நிஜத்தை அப்படியே சுருக்கிக் கொண்டுவர முடியாது. 15 கி.மீ. நீளமுள்ள பழைய காட்ஹார்ட் சுரங்கத்தை 1:87 அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக) செய்தால் 172 மீட்டர் வரும். அதனால் நாம் எடுத்துக்கொள்வது அந்த வித்தையை மட்டும்: இரண்டு வளைவு, ஒரு பாலம், மேலும் கீழுமாக இரண்டு அடுக்குத் தண்டவாளம்.

சரி, கணக்குக்கு வருவோம். மலைப்பாதை லேஅவுட் பிழைப்பதும் வீணாவதும் இங்கேதான். கண்ணுக்குத் தெரியாமல் மலைக்குள்ளே ரயிலை ஒரு சுற்று சுற்ற வைத்து மேல் அடுக்குக்கு ஏற்றுவதற்குச் சுருள் பாதை வேண்டும். 1:87 அளவில் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் நடுவே, பலகையின் கனத்தையும் மேல்நிலை மின்கம்பியையும் சேர்த்து, 9 முதல் 10 செ.மீ. தேவை. ஆரம் 60 செ.மீ. என்றால் ஒரு சுற்றின் நீளம் 377 செ.மீ. காட்ஹார்ட்டின் நிஜ ஏற்றம் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 27. அதே ஏற்றத்தை வைத்தால் ஒரு சுற்றில் 10.2 செ.மீ. ஏறிவிடலாம். 140 வருடத்துக்கு முன்னால் நிஜ மலைக்கு வைத்த ஏற்றம் என் பலகைக்கும் அப்படியே பொருந்துகிறது என்று காகிதத்தில் பார்த்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை இன்றும் மறக்கவில்லை.

ஆனால் அந்தக் கணக்கைப் போட்டது இரண்டாவது முறை கட்டும்போது. முதல் முறை இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று ஆரத்தை 45 செ.மீ. ஆக்கிவிட்டேன். சுற்று 283 செ.மீ. ஆகிவிட்டது, அதே உயரத்துக்கு ஏற்றம் நூற்றுக்கு மூன்றரையாகிவிட்டது. நாலு பெட்டி வரை ரயில் ஏறியது. ஏழு பெட்டி மாட்டியதும் இரண்டாவது சுற்றில் இன்ஜின் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றியது. வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசும். அந்த இழுவையும் ஏற்றத்தோடு சேர்ந்துகொள்ளும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. இன்ஜினுக்குப் பின்னால் இருந்த லேசான பெட்டி வளைவின் உள்பக்கமாக இழுபட்டுச் சாய்ந்து, சுருளின் நடுவில் இருந்த ஓட்டை வழியாகச் சிமெண்ட் தரையில் விழுந்தது. மூன்று மாத வேலையைப் பிரித்தேன். இப்போது சுருளின் இரண்டு ஓரத்திலும் 3 செ.மீ. உயரத்துக்குப் பட்டி அடித்திருக்கிறேன். நீங்களும் முதலிலேயே அடித்துவிடுங்கள். மலையை மூடுவதற்கு முன்னால் உங்களிடம் இருப்பதிலேயே நீளமான ரயிலை ஒரு வாரம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். முழங்கை வரை கை நுழைகிற மாதிரி பின்பக்கத்தில் திறப்புகளும் விடுங்கள். ரயில் தடம்புரள்வது எப்போதும் கை எட்டாத இடத்தில்தான்.

அளவைப் பற்றி. 1:87 (எச்ஓ) அளவில் இன்ஜின், வீடு, மனிதர்கள் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். 1:160 (‘என்’ ஸ்கேல்) அதில் பாதியை விடக் கொஞ்சம் பெரிது. உங்கள் அறைக்கு இந்த நாடுகளின் வழக்கமான ஸ்டாண்டர்ட் கேஜ் பாதை என்றால் நான் 1:160-ஐத்தான் சொல்வேன். கருங்காட்டுப் பாதையின் மிகக் குறுகிய வளைவு 300 மீட்டர் ஆரம். 1:87-இல் அது 3.45 மீட்டர், உங்கள் அறைக்குள் திரும்பவே திரும்பாது. 1:160-இல் 1.9 மீட்டர். அதையும் கொஞ்சம் குறைத்துத்தான் ஆக வேண்டும், ஆனாலும் கண் ஏற்றுக்கொள்ளும்.

1:87 தான் வேண்டும் என்று மனம் சொன்னால் ஒரு வழி இருக்கிறது: மீட்டர் கேஜ். பாதை குறுகியது என்பதால் வளைவுகளும் இறுக்கமாக இருக்கும். கிழக்கு சுவிட்சர்லாந்தின் ரேஷியன் (Rhaetian) ரயில்வே முழுவதும் 1000 மி.மீ. மீட்டர் கேஜ்தான், நம் மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயிலைப் போல. (ஊட்டி மலை ஏறும் பழைய பற்சக்கர நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. மேட்டுப்பாளையம் பக்கத்துக்காரன் என்பதால் வின்டர்தூர் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும்.) ரேஷியன் ரயில்வேயின் ஆல்புலா பாதையில் ஃபிலிஸூர் அருகே லாண்ட்வாஸர் பாலம் இருக்கிறது. தூண்களுக்கு நடுவே ஆறு கமான்கள், 136 மீட்டர் நீளம், 65 மீட்டர் உயரம், பாதை வளையும் ஆரம் 100 மீட்டர். பாலம் முடிகிற இடத்தில் செங்குத்துப் பாறை, ரயில் நேரே அந்தப் பாறையில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்துவிடும். இதை 1:87-இல் எவ்வளவு என்று பாருங்கள்: நீளம் 1.56 மீட்டர், உயரம் 75 செ.மீ., ஆரம் 1.15 மீட்டர். துளிகூடக் குறைக்காமல் நிஜ அளவிலேயே உங்கள் சுவரோரத்தில் நிற்கும். இப்படிப் புகழ்பெற்ற பாலம் ஒன்று முழு அளவில் ஒரு சாதாரண அறையில் அடங்குவது அபூர்வம். மாடலில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 12 மி.மீ. இந்தப் பாதைக்குப் பெமோ நிறுவனத்தின் இன்ஜின்களும் பெட்டிகளும் இருக்கின்றன.

மெர்க்லின் என்ற ஜெர்மன் மாடல் ரயில் நிறுவனமா, மற்றவர்களா என்பதையும் ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள். மெர்க்லினின் 1:87 தண்டவாளத்தில் நடுவே சின்ன முனைகள் மூலம் மின்சாரம் வரும், மற்றவர்கள் இரண்டு தண்டவாளத்திலிருந்தே எடுப்பார்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஓடாது. ரயில் போன வழியே திரும்பி வருகிற வளையம் வைத்தால், இரண்டு தண்டவாள முறையில் ஷார்ட் சர்க்யூட் ஆகும், அதற்குத் தனிக் கருவி மாட்ட வேண்டும். மெர்க்லினில் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டு நாடும் வேண்டும் என்றால் எல்லை நிலையம் ஒன்றைக் கட்டுங்கள். என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஜெர்மனியில் இருக்கும் ஸிங்கன் அதற்கு அருமையான இடம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து வரும் ரயில் ஸிங்கனில் திசை மாறித்தான் சூரிச்சுக்குப் போகும். பல வருடம் அங்கே சிவப்பு ஜெர்மன் இன்ஜின் ஒரு முனையில் கழன்று நிற்க, மறுமுனையில் சுவிஸ் இன்ஜின் வந்து மாட்டிக்கொண்டது. கருங்காட்டு ரயில்களும் அதே நிலையத்துக்கு வரும். மூன்று நடைமேடை, ஓர் இன்ஜின் ஒதுங்கும் தடம், இவ்வளவு இருந்தால் மாலை முழுக்க வேலை இருக்கும். நிஜத்தில் நடந்த ஒன்றைச் செய்கிறோம் என்பதால் இரண்டு நாட்டு இன்ஜின்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது உறுத்தாது.

இங்கே இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். சுவிஸ் இரட்டைப் பாதையில் ரயில் இடப்பக்கம் ஓடும், ஜெர்மனியில் வலப்பக்கம். இந்தியாவிலும் இடப்பக்கம்தான் என்பதால் ஜெர்மன் பாதை போடும்போது நம் கை தன்னால் தவறு செய்யும். அடுத்தது பேண்டோகிராஃப், அதாவது இன்ஜின் கூரையில் மேல்கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் சட்டம். இரண்டு நாட்டிலும் மேல்கம்பியில் அதே 15,000 வோல்ட் மின்சாரம்தான், ஆனால் சுவிஸ் பேண்டோகிராஃபின் தலை 1450 மி.மீ. அகலம், ஜெர்மனியுடையது 1950 மி.மீ. 1:87-இல் கிட்டத்தட்ட 6 மி.மீ. வித்தியாசம். வெறும் கண்ணுக்கே தெரியும்.

ரயில்கள் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போக வேண்டும். அதற்கு ஜெர்மன்காரர்கள் வைத்திருக்கும் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும்: ‘ஷாட்டன்பான்ஹோஃப்’, நிழல் நிலையம். பலகைக்கு அடியில், பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாமல் ஐந்தாறு தடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முழு ரயில் காத்து நிற்கும். மேலே தெரிகிற காட்சி சின்னதாக இருக்கலாம், இதைச் சின்னதாக்காதீர்கள். ஒரே ரயில் வட்டமடித்தால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். சுரங்கத்திலிருந்து அடுத்து எது வெளியே வரும் என்று காத்திருக்கிற அந்தப் பத்து விநாடிக்குத்தான் இத்தனை பாடும்.

என் வாஸனில் அப்படி வெளியே வருவது பெரும்பாலும் சரக்கு ரயில். முன்னால் ஆர்.இ. 6/6 என்ற சுவிஸ் மின்சார இன்ஜின், அதை ஒட்டிப் பின்னால் ஆர்.இ. 4/4 இரண்டாம் வகை, இரண்டும் சேர்ந்து இழுக்கும். ஆறு அச்சில் ஆறும் இழுக்கும், நாலில் நாலும் இழுக்கும் என்பதுதான் அந்த எண்களின் பொருள். இரண்டையும் கூட்டி அங்கே பத்துக்குப் பத்து என்றே சொல்வார்கள். 2016-இல் 57 கி.மீ. அடிவாரச் சுரங்கம் திறந்தபின் பெரும்பாலான ரயில்கள் மலை ஏறுவதில்லை. வருடம் முக்கியம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாறை வேலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், அதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். அலுமினியத் தாளைக் கசக்கி, பாதி விரித்து, அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றுங்கள். முழுக்க இறுகுவதற்கு முன்பே எடுத்துச் சரிவில் அமுக்கிப் பிடித்தால் மடிப்புகள் பாறை விரிசலாக நிற்கும். காய்ந்தபின் கறுப்பு வண்ணத்தை டீ டிகாக்‌ஷன் அளவுக்கு நீர்க்கக் கரைத்து மேலிருந்து வடியவிடுங்கள். விரிசலுக்குள் தானே போய்த் தங்கும். மறுநாள் தூரிகையை வெளிர்சாம்பலில் தொட்டு, காகிதத்தில் துடைத்துவிட்டு, மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தடவுங்கள். வாஸனின் கிரானைட்டுக்கு அந்தச் சாம்பல் போதும். அங்கே பெரும்பாலும் கரும்பச்சை ஊசியிலை மரங்கள். ஆல்புலா பக்கம் பெர்க்யூன் என்றால் லார்ச் மரங்களும் வேண்டும், அக்டோபரில் அவை பொன்மஞ்சளாகிவிடும்.

ஜல்லியை ஒட்டியபின் அதன் மேல் துருப்பழுப்பு நிறத்தை மெல்லியதாகத் தூவ மறக்காதீர்கள். இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து இரும்புத்தூள் படிந்து காட்ஹார்ட்டின் ஜல்லி அந்த நிறத்தில்தான் கிடந்தது. நான் இறங்கும் தடத்தில் கொஞ்சம் கூடுதலாகவும் ஏறும் தடத்தில் குறைவாகவும் தூவினேன்.

உங்கள் அறைக் கதவு உள்பக்கம் திறக்கிறதா, வெளிப்பக்கமா? ஜன்னல் எந்தச் சுவரில் இருக்கிறது? இதை மட்டும் எழுதுங்கள். 1:160-இல் இரண்டு அடுக்கும் ஒரு நிழல் நிலையமும் வருகிற மாதிரி வரைந்து தருகிறேன்.