மதுரையில் பால், தயிர், நெய் இல்லாமல் இரண்டு நாள்

வணக்கம்.

நானும் கணவரும் சில மாதங்களாகப் பால், தயிர், நெய், முட்டை எதையும் தொடுவதில்லை. வீட்டில் சிக்கல் இல்லை, வெளியூரில்தான் திண்டாட்டம். அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு மதுரை போகிறோம். கூட அம்மாவும் வருகிறார். அவருக்கு எங்கள் சாப்பாட்டுக் கொள்கையில் நம்பிக்கை கிடையாது. தேடினால் 'ப்யூர் வெஜ்' ஓட்டல்களின் பட்டியல்தான் வருகிறது. போன முறை ஓர் ஊரில் 'பால் சேர்க்க மாட்டோம்' என்று சொல்லியும் பொங்கல் நெய்யோடு வந்தது. மிச்ச வேளைக்கெல்லாம் வாழைப்பழம்தான். ஓட்டலில் என்ன கேட்க வேண்டும், எதை விட வேண்டும் என்று சொல்ல முடியுமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

மதுரையில் வீகன் (பால், நெய் உட்பட விலங்குப் பொருள் எதுவும் சேர்க்காத) ஓட்டல் தேடி அலைய வேண்டியதில்லை. சாதாரண சைவ ஓட்டலில் கிடைப்பதில் பாதிக்கு மேல் நீங்கள் சாப்பிடக்கூடியதுதான். நெய்யோ தயிரோ ஒரு பண்டத்தில் எந்தக் கட்டத்தில் சேர்கிறது என்று தெரிந்தால் போதும். அண்டாவிலேயே சேர்ந்துவிட்டால் சப்ளையரால் ஒன்றும் செய்ய முடியாது, அதை விட்டுவிடுங்கள். கல்லிலோ இலையிலோ கடைசியில் விழுவதென்றால் வாயைத் திறந்து தடுத்துவிடலாம்.

உங்கள் பொங்கல் முதல் வகை. மிளகும் சீரகமும் நெய்யில் பொரிந்துதான் அண்டாவுக்குள் போகின்றன. கிச்சடியும் அநேகமாக அப்படித்தான். ரவா தோசை மாவில் பல இடங்களில் புளித்த மோர் ஊற்றுவார்கள். லேசான புளிப்பு அதனால்தான். 'நெய் போடாமல் ரவா' என்று கேட்டு வாங்கினாலும் மோர் உள்ளேதான் இருக்கும். சாதா தோசை, ஊத்தப்பம், பொடி இட்லி எல்லாம் இரண்டாம் வகை. 'நல்லெண்ணெய் விட்டுக் கொடுங்க, நெய், வெண்ணெய் வேண்டாம்' என்று ஆர்டரோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள். தட்டு வந்தபின் சொல்லிப் பயனில்லை. பூரி கிழங்கு, மெதுவடை, சாம்பார் வடை பெரும்பாலும் கவலையில்லாதவை. தேங்காய்ச் சட்னியில் மட்டும் சில கடைகளில் தயிர் கலப்பார்கள். தக்காளி, மல்லி, காரச் சட்னிகளில் அது அபூர்வம். ஆப்பத்துக்குத் தரும் தேங்காய்ப்பாலில் பசும்பால் கலந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

'பால் சேர்க்க மாட்டோம்' என்றால் சப்ளையர் காதில் காபி, டீ என்றுதான் விழும். 'சரி' என்று சொல்லிவிட்டு மோர் டம்ளரை உங்கள் முன்னால் வைப்பார். 'வீகன்' என்றால் பனீர் பட்டர் மசாலாவைச் சிபாரிசு செய்யும் ஆபத்தும் உண்டு. பால், தயிர், மோர், நெய், வெண்ணெய் என்று பெயர் பெயராகச் சொல்லுங்கள். 'நெய்யா? கட்டுப்படியாகாதுங்க, டால்டாதான்' என்று யாராவது குரலைத் தாழ்த்தினால் உங்களுக்கு அது நல்ல சேதி: வனஸ்பதி தாவர எண்ணெயில் செய்வது. உடம்புக்கு எப்படி என்பது வேறு கேள்வி.

மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள். ஒரு மணிக் கூட்டத்தில் யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள். சப்ளையரைவிட சூப்பர்வைசரிடம் கேட்பது மேல். சமையற்கட்டுக்குள் போய் விசாரித்து வரக்கூடியவர் அவர்தான். இலையில் பருப்பு விழுந்த கையோடு நெய்க் கரண்டி வரும், கையால் மறித்துவிடுங்கள். அவியல், தயிர்ப் பச்சடி, மோர்க்குழம்பு மூன்றும் வேண்டாம். பொரியல், சாம்பார், அப்பளம் சரி. ரசத்தை நெய்யில் தாளித்தார்களா, எண்ணெயிலா என்று கேளுங்கள். பாயசத்தில் பால் இல்லையென்றாலும் முந்திரியை நெய்யில் வறுத்திருப்பார்கள்.

பலரும் கோட்டைவிடுவது வற்றலில். மோர் மிளகாயைப் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் அப்படிக் காட்டிக்கொடுக்காது. அவற்றையும் பெரும்பாலும் உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்துத்தான் எடுக்கிறார்கள். ஆக, வற்றல் குழம்பில் ஒரு சொட்டு மோர்கூடத் தெரியாது, ஆனால் உள்ளே இருக்கும். அந்த அளவுக்குக் கறாராக இருக்கிறீர்கள் என்றால் காரக்குழம்பு வைக்கும் நாளில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இரவில் தெருவோர இட்லிக் கடைகள் நெடுநேரம் திறந்திருக்கும். அங்கே இட்லியும் சட்னியும் சரி, தோசை வேண்டாம். முட்டை தோசையும் கறி தோசையும் போட்ட அதே கல். பரோட்டாக் கடையில் இரண்டு தடை. மாவில் முட்டையோ பாலோ சேர்ப்பது வழக்கம். துண்டு எதுவும் போடாத வெறும் சால்னாவும் பெரும்பாலும் கறிக்குழம்பின் மேல்சாறுதான்.

குடிக்க ஊரிலேயே அருமையான ஒன்று இருக்கிறது, பருத்திப்பால். பருத்திக்கொட்டையை இரவு முழுக்க ஊறவைத்து, ஆட்டி, துணியில் பிழிந்து பால் எடுப்பார்கள். அதை அரிசி மாவோடு கெட்டியாகும் வரை காய்ச்சி, கருப்பட்டியோ வெல்லமோ கரைத்து ஊற்றி, சுக்கு, ஏலக்காய், தேங்காய்த் துருவல் சேர்ப்பார்கள். தள்ளுவண்டியில் சூடாகக் கிடைக்கும். பசும்பால் கலக்காததுதானா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஜிகர்தண்டாவை அம்மாவுக்கு விட்டுவிடுங்கள்: சுண்டக் காய்ச்சிய பாலும் ஐஸ்கிரீமும் இல்லாமல் அது இல்லை. எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத் உங்களுக்கு.

காபி இல்லாமல் முடியாது என்றால் 200 மில்லி ஓட்ஸ் பால் பெட்டிகள் சிலவற்றை எடுத்துப் போங்கள். ஓட்டலில் டிக்காஷனை மட்டும் தனியாகக் கேட்டால் தருவார்கள். சோயா பால் கொதிக்கும் டிக்காஷனில் திரிந்துவிடும், சூடும் காபியின் அமிலமும் சேர்ந்து செய்கிற வேலை. அதுதான் கையில் இருக்கிறதென்றால் பாலை முதலில் வெதுவெதுப்பாக்கி, அதில் டிக்காஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். டீக்கடையில் கவலையில்லை, தூள் பையில் தனியாக வடிகிறது, பால் வேறு பாத்திரத்தில் காய்கிறது. பிளாக் டீயோ சுக்குக் காபியோ சொல்லலாம்.

இனிப்பில் அல்வா, மைசூர்பாகு, லட்டு எதுவும் தேறாது. அழகர்கோவில் போனால் பிரசாத தோசை மணக்கும், அதுவும் நெய்யில் வெந்தது. கோவில்பட்டி கடலைமிட்டாய் (2020இல் புவிசார் குறியீடு பெற்றது) வெறும் கடலையும் வெல்லப் பாகும்தான். எள்ளுருண்டையும் அந்த வகை. எண்ணெயில் பொரித்த கருப்பட்டி மிட்டாயும் வாங்கலாம். பாக்கெட் பிஸ்கட்டில் பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள், பால் பொருள் இருந்தாலும் அந்தப் புள்ளி உண்டு. பொருள் பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமை வரியில் பால் இருக்கிறதா என்று பாருங்கள். வீகன் உணவுக்கான பச்சை 'வி' முத்திரை 2022 விதிகளின்படி வந்தது. அது இருந்தால் தேட வேண்டியதே இல்லை.

போகும்போது ரயிலுக்குப் பொடி இட்லி கட்டிக்கொள்ளுங்கள். 12 இட்லிக்கு நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், மூன்று மேசைக்கரண்டி மிளகாய்ப்பொடி. இட்லியைத் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்டு, இரண்டு பக்கமும் தடவி, வாழையிலையில் மடியுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி வேர்த்து இட்லி மேல் சொட்டி, காலைக்குள் கொழகொழத்துவிடும். தேங்காய்ச் சட்னியை உடன் கட்டாதீர்கள், இரவு தாங்காது. அம்மாவுக்கும் இதையே கட்டலாம். நெய் இல்லை என்று அவருக்குத் தெரியப்போவதில்லை.